கிராஃப் தாளில் ஒரு பள்ளம்

மார்ச் 4, மாலை 5.40. வந்து சேர்ந்த கணக்குகள் இருபது. சரியானவை ஏழு.

அன்புள்ள சோடாபுட்டி அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாமாவும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பதிமூன்று தப்பும் ஒரே தப்பு. அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் குறி மாறும். முதல் ஆளுக்கு மட்டும் மாற்றிவிட்டு அடுத்த ஆளை விட்டுவிடுகிறாய். 5 − 2(x − 3) = 3. நீ 5 − 2x − 6 என்று பிரித்து, x = −2 என்று முடித்திருக்கிறாய். விடையை மேலே போட்டுப் பார்த்திருந்தால் ஐந்து விநாடியில் தெரிந்திருக்கும். 5 − 2(−5) என்றால் பதினைந்து. மூன்று எங்கே, பதினைந்து எங்கே? வர வேண்டியது 4.

பார்மஸி கல்லூரி நுழைவுத் தேர்வு ஆகஸ்ட் கடைசியில். வயது வரம்பின்படி உனக்கு இதுதான் கடைசி வருடம். இங்கே போன் எடுக்காது, தபால் வண்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மலையேறுகிறது. ஒரு மைனஸைத் திருத்த ஒரு மாதம் ஆகிறது. அதனால் தப்பு செய்தால் புதுத் தப்பாகச் செய். பழையதற்கு நேரமில்லை.

இதோடு இருபது கணக்குகள்.

தம்பி


மார்ச் 21

அன்புத் தம்பி அவசரக்குடுக்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சாப்பிட்டாயா, இருமல் நின்றதா என்று ஒரு வரி எழுதினால் மலை இடிந்து விழுந்துவிடாது.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவன் கடுதாசி எழுதறானா, மெமோ குடுக்கறானா?" என்றார். பஸ் டிப்போவில் அவர் வாங்கும் மெமோக்களே இதைவிட மரியாதையாக இருக்குமாம்.

திட்டியது உறைத்தது. இப்போது மைனஸைப் பார்த்தாலே அடைப்புக்குறிக்குள் இருக்கிற எல்லோரையும் எழுப்பி நிற்கவைத்து எண்ணுகிறேன். விடையை மேலே போட்டுப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாழ்க்கையில் வேறு எதையாவது இப்படிச் செய்துவிட்டு சரியா என்று உடனே பார்க்க முடியுமா, சொல்.

மதிய இடைவேளையில் கிளினிக்கின் பஞ்சு மூட்டை அறையில் உட்கார்ந்து போடுகிறேன். டோக்கன் கவுன்ட்டரில் என் பக்கத்து ஜன்னல்தான் மருந்தகம். அங்கே இருக்கிற பெண் குழந்தையின் எடையைக் கேட்டு, கணக்குப் போட்டு, எத்தனை மில்லி என்று சீசாவில் கோடு கிழித்துக் கொடுப்பாள். பத்து வருடமாக நான் நம்பரைக் கூப்பிடுகிறேன். அவள் பேரைக் கூப்பிடுகிறாள். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

"உனக்குக் கணக்கு வராதும்மா" என்று பத்தாவதில் ஒரு டீச்சர் சொன்னாரே, அவரை நேற்று பஸ்ஸில் பார்த்தேன். மனசுக்குள் ஒரு சமன்பாட்டைப் போட்டுக் காட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

நலம். இருமல் நின்றது. சாப்பிட்டேன். போதுமா?

இருபதில் பதினாறு சரி. நான்கு தப்பும் புதுத் தப்பு. நல்லது. மாமாவிடம் சொல், இதுதான் என் பாராட்டு மெமோ.

அடுத்தது கோடு. y = 2x + 1. இதைக் கவனமாகப் படி, நான் சோறு தின்பதே இதனால்தான். இங்கே மலையை இரண்டு பக்கமும் குடைகிறோம். நடுவில் இரண்டு சுரங்கமும் மூக்கோடு மூக்கு இடித்துக்கொள்ள வேண்டும். தோளோடு தோள் உரசிப் போனால் முதலில் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். லேசர் கருவியை வைத்து, குடைகிற வழி நேராகப் போகிறதா என்று பார்ப்பது மட்டுமே என் வேலை.

x-க்கு 1, 2, 3, 4 போடு. y-க்கு 3, 5, 7, 9 வரும். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு ஏறுகிறது. எங்கே போய்ப் பார்த்தாலும் அதே இரண்டு. அதற்குப் பெயர் சாய்வு. சாய்வு மாறாவிட்டால் கோடு வளையாது. கிராஃப் தாள் வாங்கு, புள்ளிகளை வை, ஸ்கேலால் சேர். ஆறு கோடுகள் போட்டு அனுப்பு.

தம்பி


மே 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா. நாங்கள் நலம். அங்கே குளிர் எப்படி? மாமாவுக்கு வழக்கமான முதுகுவலி. ஸ்டியரிங்கைப் பிடித்தால் வருகிறது, ரிமோட்டைப் பிடித்தால் போய்விடுகிறது.

ஆறு கோடுகளும் இதில் இருக்கின்றன. அட்டவணை போடுவது சுலபமாக இருந்தது. கோடுதான் சரியாக வரவில்லை. தெருமுனைக் கடையில் வாங்கிய கிராஃப் தாள் மட்டமான அச்சு. நடுவில் கட்டங்கள் நெருங்கிப் போய், துணியை ஊசியால் குத்தி உள்ளே இழுத்த மாதிரி ஒரு பள்ளம். அதனால் என் கோடும் அங்கே போய்த் தொங்குகிறது. மன்னித்துக்கொள். அடுத்த தடவை நல்ல தாளில் போடுகிறேன்.

கிளினிக்கில் கூட்டம் ஜாஸ்தி. டோக்கன் நம்பரை இரண்டு தடவை மாற்றிக் கூப்பிட்டுவிட்டேன். 38-ஐ 33 என்றேன். ஒரு பெரியவர், "ஏம்மா, பெயிலாக்கற வாத்தியார் மாதிரி மார்க்கைக் கொறைக்கறே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று.

அக்கா


மே 24

அக்கா,

நலம். குளிர் இருக்கிறது.

உன் ஆறு கோடுகளின் மீதும் என் எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஆறும் நேர். தாளும் ஒழுங்கான தாள். கட்டங்களை அளந்தே பார்த்தேன், நடுவில் ஒரு நெருக்கமும் இல்லை. பள்ளம், தொங்கல் என்று நீ எழுதியதெல்லாம் பயம். தேர்வு நெருங்கினால் உனக்கு இப்படித்தான். சரியாகச் செய்துவிட்டு, தப்பு என்று நீயே முந்திக்கொண்டு சொல்வாய்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. அளவு இடித்தால் முதலில் கருவியைச் சந்தேகி. திருப்தி வரவில்லையென்றால் வேறு கடையில் தாள் வாங்கு. ஸ்கேலையும் சோதி. ஒரு கோடு போடு. ஸ்கேலைப் புரட்டி வைத்து அதே கோட்டின் மேல் இன்னொன்று போடு. இரண்டும் ஒட்டினால் ஸ்கேல் நேர். ஒட்டாவிட்டால் தூக்கிப்போடு.

அச்சடித்தவன் மேல் பழி போட்டு நேரத்தை வீணாக்காதே. இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். அதுதான் அடுத்த பாடம். பதினைந்து கணக்குகள் இதோடு.

தம்பி


ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நலமா?

வேறு கடையில் தாள் வாங்கினேன். அதிலும் அப்படியே. ஸ்கேலைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒட்டித்தான் வந்தன. ஒட்டிக்கொண்டே வளைந்தன. சிரிப்பாக வந்தது.

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தேன். கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. நம் வீட்டுக் கதவு நிலைகூட கொஞ்சம் வளைந்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது. "வீடு பழசாயிடுச்சு, நீயும் பழசாயிட்டே" என்கிறார் மாமா.

பதினைந்தில் பத்துதான் போட்டேன். நீ பென்சிலில் மெல்லிசாக எழுதுகிறாய். அடுத்த தடவை பேனாவில் எழுதேன்.

அக்கா


ஜூலை 3

அக்கா,

பத்து போட்டிருக்கிறாய். பத்தில் நான்கு தப்பு. நான்கிலும் 3-ஐ 8 என்று எடுத்திருக்கிறாய், இல்லையென்றால் மைனஸைக் காணோம். மார்ச்சில் கற்றதை ஜூனில் மறந்தால் நான் என்ன செய்வது? இங்கிருந்து கையை நீட்டியா குட்ட முடியும்?

கிராஃப் தாளை விடு. கதவு நிலையை எல்லாம் எனக்கு எழுதாதே. அது கொத்தனார் விஷயம். எழுத்தையும் ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய்? ஒரு பக்கத்துக்கு மூன்று கணக்கு என்றால் தேர்வில் தாள் கேட்டே நேரம் போய்விடும்.

பேனா இங்கே குளிரில் எழுதாது. பென்சில்தான்.

தேர்வுக்கு இன்னும் எட்டு வாரம். முப்பது கணக்குகள் அனுப்புகிறேன். முப்பதும் வேண்டும்.

தம்பி


ஆகஸ்ட் 14

அக்கா,

மூன்று வண்டிகள் வந்து போய்விட்டன. உன் கடிதம் இல்லை. ஒவ்வொரு தடவையும் மூட்டையைப் பிரிக்கும்போது போய் நிற்கிறேன். டிரைவர் என்னைப் பார்த்ததும், "என்ன சார், இந்த தடவையும் பொண்ணு பதில் போடலையா?" என்கிறான். அக்கா என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான்.

கோபமா? கோபம் என்றால் எழுதித் திட்டு. மாமாவுக்கு உடம்பா? கிளினிக்கில் ஏதாவதா? கணக்கு போடாவிட்டாலும் பரவாயில்லை, நலம் என்று ஒரு வார்த்தை எழுது. இருமல் இல்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ கேட்காமலேயே சொல்லிவிட்டேன்.

மேலாளரிடம் ஒரே ஒரு சாட்டிலைட் போன் இருக்கிறது, விபத்துக்கு மட்டும். "தங்கச்சியோட பரீட்சை எல்லாம் விபத்துல சேராதுப்பா" என்றார். அக்கா என்று இவரிடமும் திருத்த வேண்டியிருந்தது.

தேர்வை நன்றாக எழுது. விடையை மேலே போட்டுப் பார்.

தம்பி


செப்டம்பர் 22

அன்புத் தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன் மாமாதான் எழுதுகிறார். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். ஐந்தாவதில் டிக்டேஷனில் வாங்கிய மார்க் இன்னும் மாறவில்லை. (அவ சொன்னதை அப்படியே எழுதறேன் மாப்ளே. என் பொழைப்பைப் பாரு.) நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

ஜூலையில் உன் முப்பது கணக்கும் வந்தது. முதல் கணக்கே y = 2x + 1. அட்டவணை போட்டேன். 3, 5, 7, 9. எங்கே போனாலும் இரண்டுதான் ஏறுகிறது. அப்புறம் என் கோட்டைப் பார்த்தேன், நடுவில் தொங்குகிறது. அப்படியே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாய்வு மாறாமல் கோடு எப்படி வளையும்? வளைவதற்கு அந்தச் சமன்பாட்டில் இடமே இல்லையே. கோடு நேர்தான். நீயும் நேர் என்றுதான் எழுதியிருந்தாய். தாள் சரி, ஸ்கேல் சரி, கடையும் சரி. நீ சொன்ன மாதிரி ஒவ்வொன்றாகக் கழித்தேன். மிச்சம் நான்தான் இருந்தேன்.

வலது கண்ணை மூடிப் பார்த்தேன், கோடு நேர். இடது கண்ணை மூடினேன், நடுவில் பள்ளம். பள்ளத்துக்குள் கொஞ்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒரு கறை.

அன்றைக்கே கண் டாக்டரிடம் போனேன். என் மாதிரி சின்ன வயசிலிருந்து ரொம்பப் பவர் போட்டவர்களுக்கு இது வருமாம். விழிக்குள் பின்பக்கத் திரையில், நடுவாக, ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், மூன்று தடவை. நினைத்த அளவு வலி இல்லை. (பொய். என் கையைப் பிடிச்ச பிடியில ரெண்டு நாள் கியர் போட முடியல.) கசிவு நிற்கட்டும், அப்புறம் உனக்கு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்போது நின்றுவிட்டது. வலது கண்ணின் நடுப்பார்வை திரும்பாதாம். ஓரத்தில் தெரிகிறது. முகம் தெரியாது, தோடு தெரியும். இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது.

தேர்வு எழுதினேன். கேள்வித்தாள் பொடி எழுத்து. இடது கண்ணை வைத்துத் தடவித் தடவிப் படித்து, கடைசி ஐந்து கேள்விகளுக்கு நேரமில்லை. ஒரு கோடு வரையச் சொன்னார்கள். இரண்டு முனையிலும் புள்ளியைப் பார்த்து, ஸ்கேலை விரலால் அழுத்தி, இழுத்துவிட்டேன். நேராக வந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும்.

பாஸ் ஆகிவிட்டேன். ஆனால் சேர்வதற்குக் கண் தகுதிச் சான்று வேண்டும். ஆறு மாதம் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்கிறார் டாக்டர். கல்லூரியில் போய்க் கேட்டோம். "விதிம்மா, நாங்க என்ன பண்ண?" என்றார்கள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஆக, அந்த நாற்காலி இல்லை. டோக்கன் கவுன்ட்டரில் இருக்கிறேன். மைக் கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். சுவரில் ஒட்டி, தினமும் காலையில் இடது கண்ணால் மட்டும் பார்க்க வேண்டுமாம். ஒரு கட்டம் வளைந்தாலும் அன்றைக்கே ஓடி வரணுமாம். என்ன தாள் தெரியுமா? கட்டம் போட்ட தாள். சிரித்துவிட்டேன். "என்னம்மா சிரிக்கறீங்க?" என்றார். "இதை நான் மே மாசமே வாங்கிட்டேன் டாக்டர்" என்றேன்.

நீ அடுத்த பாடத்தை அனுப்பு. இருபடி என்று ஒன்று வருமே, அதில் கோடு நிஜமாகவே வளையும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு அது தெரிய வேண்டும். பெரிய எழுத்தில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மாப்ளே, அவ உள்ளே போயிருக்கா. எழுதாதேன்னு சொன்னா. கோடு முதல்ல வளைஞ்சப்பவே வந்திருந்தா அந்தக் கண்ணை நிறைய காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். கதவு வளைஞ்சிருக்குன்னு என்கிட்டதான் முதல்ல சொன்னா. நான் கேலி பண்ணேன். எனக்கு இதை வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.


அக்டோபர் 9, காலை 7.15. உன் கோடுகள் ஆறு. ஆறும் நேர்.

அக்கா,

நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைக் கொண்டுவந்த வண்டி கீழே இறங்கிய மறுநாள் மலைச்சரிவு பாதையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. சரிசெய்ய எவ்வளவு நாளாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. போன் கேட்டேன். மேலாளர் இந்தத் தடவை உடனே எடுத்துக் கொடுத்தார். மாமாவின் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். உன் நம்பர் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு அழைப்புக்குத்தான் அனுமதி.

மே மாதம் நீ அனுப்பிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரான ஆறு கோடுகளை அனுப்பி, வளைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். இரண்டும் என் மேஜையில்தான் இருந்தன. கோட்டை அளந்தேன். தாளை அளந்தேன். கருவியைச் சந்தேகி என்று உனக்கு எழுதினேன். அதன் பிறகு உன்னைச் சந்தேகப்பட்டேன். எழுத்து ஏன் பெரிதாகிறது என்று கேட்டுவிட்டு, பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே இரண்டு சுரங்கமும் போன வாரம் சந்தித்தன. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். கை தட்டினார்கள். எல்லோரும் தோளில் தட்டிக்கொண்டிருந்தபோது நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

விடுப்பு கேட்டிருக்கிறேன். பாதையே இல்லாதபோது விடுப்பு எதற்கு என்கிறார்கள். நியாயம்தான்.

இந்தக் கடிதம் எப்போது கிளம்பும் என்று தெரியாது. கறுப்பு மார்க்கரில்தான் எழுதுகிறேன். கல்லில் குறி போடும் மார்க்கர், குளிரிலும் எழுதுகிறது. முன்பே எழுதியிருக்கும்.

இனி நான் செய்யப்போவது:

1. பாதை திறந்ததும் இறங்கும் முதல் வண்டியில் நான் இருப்பேன். திறக்கும்வரை தினமும் போய்க் கேட்பேன். வேறு ஒன்றும் செய்ய முடியாது.

2. இருபடிச் சமன்பாடு. தாளுக்கு ஒரு கணக்கு, ஒவ்வொரு எண்ணும் கட்டைவிரல் உயரம். மைனஸ் எல்லாம் விரல் தடிமன். முதல் பத்து தயார்.

3. வளைகிற கோட்டை நீ வரைந்து அனுப்பு. எங்கே வளைகிறது என்று நீ சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்கேலை எடுப்பேன்.

4. உன் போன் நம்பரை மனப்பாடம் செய்வேன்.

5. ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியாக ஒன்றே ஒன்று கேட்பேன்: இடது கண்ணில் கட்டங்கள் நேரா? நேர் என்றால் எழுது. ஒரு கட்டம் வளைந்திருந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டு உட்காராதே. டாக்டரிடம் போ.

தம்பி